முன்பணம் வாங்கியவர்கள் கிளம்பி வரலாமா?

கேள்வி: மானூர் பக்கத்துச் சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். என் அக்காவும் அத்தானும் எட்டு வயதும் ஐந்து வயதுமான பிள்ளைகளோடு வடமாவட்டம் ஒன்றில் செங்கல் சூளையில் இருக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு மேஸ்திரி மூலம் 40,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போனார்கள். இப்போது கணக்கில் 65,000 நிற்கிறதாம். அப்பா இறந்தபோது அக்காவை மட்டும் மூன்று நாள் அனுப்பினார்கள், அத்தானையும் பிள்ளைகளையும் விடவில்லை. ஒரு ராத்திரி யாருக்கும் தெரியாமல் கிளம்பிவிடலாமா என்று அக்கா போனில் கேட்கிறாள். வாங்கிய பணத்தைக் கொடுக்காமல் ஓடிவந்தால் ஊரில் தலைகாட்ட முடியாது என்று சொல்லும் அம்மா, தன் கம்மலை அடகு வைக்கப் பார்க்கிறார். அவரும் புரோநோட்டில் கைநாட்டு வைத்திருக்கிறார். மேஸ்திரி எங்கள் சொந்தக்காரர். என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புள்ள தம்பி, முதலில் அம்மாவின் கம்மலை அடகுக் கடைக்குப் போகாமல் தடுத்துவிடுங்கள். மற்றவற்றை அதன் பிறகு பேசலாம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, அப்பா இறந்தபோது அக்காவை மட்டும் அனுப்பினார்கள் என்பது. தகப்பனாரின் சாவுக்கு மகள் வருவதற்கு அவளுடைய கணவரும் பிள்ளைகளும் அங்கே பிணையாக இருக்க வேண்டியிருந்தது என்றால், அங்கே நடப்பதற்குக் கூலி வேலை என்று பெயரில்லை. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் இதைத்தான் கொத்தடிமை என்கிறது. முன்பணத்துக்காக ஒருவர் வேறு இடத்தில் வேலை தேடும் உரிமையையோ, விரும்பிய இடத்துக்குப் போய்வரும் உரிமையையோ, குறைந்தபட்சக் கூலியையோ இழந்திருந்தால் அதுவே போதும். அடி விழுந்திருக்க வேண்டும், காலில் விலங்கு இருந்திருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை.

அதே சட்டத்தின்படி அந்தக் கடன் அழிந்துவிட்டது. அதை அடைக்கும் பொறுப்பு அக்காவுக்கும் இல்லை, அத்தானுக்கும் இல்லை. உங்கள் அம்மா வைத்த கைநாட்டும் இந்தக் கடனுக்காக வைத்ததுதான் என்பதால், அந்த புரோநோட்டைக் கொண்டு வழக்குப் போட்டுப் பணம் வசூலிக்க முடியாது. அழிந்துபோன கடனுக்காகப் பணம் வாங்குவதே மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். கம்மலை வைத்துப் பணம் கட்டினால், சட்டப்படி இல்லாத ஒரு கடனை நீங்களே உயிர்ப்பித்துக் கொடுத்தவர்கள் ஆவீர்கள். அடுத்த ஆண்டும் கணக்கில் ஏதாவது ‘நிற்கும்’.

அம்மாவின் வருத்தத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் நாணயத்தில் வளர்ந்த தலைமுறை அது. அந்த நாணயத்தைத்தான் இந்த முறை முதலாகப் போட்டு நடக்கிறது. இரண்டு பேர் விடியுமுன் எழுந்து மண் குழைத்து, கல் அறுத்து, பச்சைக்கல்லைத் திருப்பிப் போட்டு இரண்டு பருவம் உழைத்த பிறகும் 40,000 ரூபாய் 65,000 ஆகியிருக்கிறது. அந்தக் கணக்கு நோட்டு யார் கையில் இருக்கிறது என்று அம்மாவிடம் கேளுங்கள். நம் பக்கத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் கடனைத் ‘துண்டு’ என்னும் சீட்டில் எழுதி வைத்திருந்தார்கள். இன்னொரு தோட்டம் அந்தத் தொகையைக் கட்டினால்தான் அவர்கள் இடம் மாற முடியும். அந்தத் துண்டு முறை 1921-இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. நூறு ஆண்டுக்குப் பின்பும் அதன் மறுபிறப்பு ஒரு கணக்குப்பிள்ளையின் நோட்டுக்குள் இருப்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

இனி அக்காவின் கேள்விக்கு வருகிறேன். அடி, பாலியல் தொல்லை, பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தும் ஆஸ்பத்திரிக்கு விடாமை, இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். அவசர உதவி எண் 112-ஐ அழைக்கட்டும், முடிந்தால் கிளம்பட்டும். ஆனால் நான்கு பேரும் ஒன்றாகக் கிளம்ப வேண்டும், ஒருவரை விட்டுவிட்டு வந்தால் அவர் பிணையாகிவிடுவார். அப்படி உடனடி ஆபத்து இல்லையென்றால், இருட்டில் கிளம்புவதைவிட மனுவோடு அதிகாரிகள் சூளைக்குள் நுழைவதே பாதுகாப்பானது என்பது என் உறுதியான கருத்து. இரவில் ஓடிவந்த குடும்பத்தின் மேல் மறுநாளே திருட்டுப் புகார் கொடுப்பதும், மேஸ்திரி ஆட்களோடு ஊருக்கே வந்து அழைத்துப் போவதும் நடக்கக்கூடியவை. அவர் சொந்தக்காரராக இருப்பதால் உங்கள் வீட்டு வாசல் அவருக்குத் தெரியும். எனவே இந்த ஏற்பாடு முடியும்வரை அவரிடம் ஒரு சொல்லும் சொல்லாதீர்கள். பேசித் தீர்க்கலாம் என்று நீங்கள் தனியாகச் சூளைக்குப் போகவும் வேண்டாம்.

சூளை இருக்கும் மாவட்டத்தின் ஆட்சியருக்கு மனு எழுதுங்கள். திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் உள்ள நம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் ஒரு பிரதி கொடுத்து, அந்த மாவட்டத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கட்டணமில்லாமல் வழக்கறிஞர் உதவி கிடைக்கும். அதன் உதவி எண் 15100. பிள்ளைகள் இருப்பதைக் குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் தெரிவியுங்கள். மனுவில் வாங்கிய தொகை, வாங்கிய மாதம், யார் கையால் வாங்கியது, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், அப்பா இறந்தபோது யாரை விடவில்லை என்பதெல்லாம் இருக்கட்டும். ஆதார், ரேஷன் கார்டு மேஸ்திரியிடம் இருந்தால் அதையும் எழுதுங்கள்.

விசாரணை நாளைப் பற்றி அக்காவிடம் இப்போதே சொல்லி வைக்க வேண்டும், ஏனென்றால் பல குடும்பங்கள் தோற்பது அங்கேதான். முதலாளி அருகில் நின்றுகொண்டு, “போகலாமே, யார் தடுத்தது?” என்பார். பயத்தில் அத்தானும் தலையாட்டிவிடக்கூடும். எங்களைத் தனியாக வைத்து விசாரியுங்கள் என்று அவர்கள் கேட்க வேண்டும். பெரிய வார்த்தைகள் எதுவும் தேவையில்லை. சந்தைக்குப் போக யாரிடம் கேட்க வேண்டும், வாரச் செலவுக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள், அப்பாவின் பதினாறாம் நாளுக்கு ஏன் வர முடியவில்லை என்பவற்றைச் சொன்னால் போதும். கடன் கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பைச் சட்டம் கடன் கொடுத்தவர் மேல்தான் வைத்திருக்கிறது.

சில சமயம், கணக்கை முடித்து ஊருக்கு வண்டி ஏற்றிவிட்டால் போதாதா என்று அதிகாரிகளே கேட்பார்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ தரும் விடுதலைச் சான்றிதழ் அக்கா, அத்தான் ஒவ்வொருவர் பெயரிலும் கைக்கு வர வேண்டும். கடன் அழிந்தது என்பதற்கு ஊரில் எல்லோர் முன்னாலும் காட்டக்கூடிய தாள் அதுதான். உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைப்பதும், பின்னர் ஆணுக்கு ஒரு லட்சம், பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும் இரண்டு லட்சம் என்ற மறுவாழ்வுத் தொகையும் அதைத் தொட்டுத்தான். பின்னதைக் கைக்கு வந்த பணமாக நினைத்துத் திட்டமிட வேண்டாம். அது வழக்கின் முடிவோடு பிணைக்கப்பட்டிருப்பதால் ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது. ஊருக்கு வந்த முதல் மூன்று மாதம்தான் கடினம், கையில் காசில்லாத அந்த நேரத்தில் இன்னொரு மேஸ்திரி இன்னொரு அட்வான்ஸோடு வந்து நிற்பார். அந்த மாதங்களுக்கு அரிசிக்கும் வேலைக்கும் என்ன வழி என்று நீங்களும் உறவினர்களும் இப்போதே உட்கார்ந்து பேசுங்கள். பிள்ளைகளை வருடத்தின் எந்த நாளிலும் பள்ளியில் சேர்க்கலாம். மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது.

அக்கா அடுத்த முறை அழைக்கும்போது, சூளைக்கு அருகிலுள்ள பேருந்து நிறுத்தத்தின் பெயரையும், செங்கல்லில் பதிக்கும் எழுத்துகளையும் மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர்ப் பலகை இல்லாத சூளையையும் அதிகாரிகள் அந்த எழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிட முடியும். மனுவின் நகலில் தேதியும் முத்திரையும் வாங்கி, அதை வீட்டில் வைக்காமல் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.