தென்னிந்தியா வேறு, தென்கோளம் வேறு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 130 மி.மீ. டெலஸ்கோப் ஒன்றை ஈக்வடோரியல் மவுண்ட்டோடு (பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து வைக்கும் தாங்கி) செகண்ட் ஹேண்டில் வாங்கி, வானத்தோடு சேர்த்துக் குழாயைத் திருப்பும் மோட்டாரை நானே பொருத்தினேன். சத்தம் வருகிறது, சிவப்பு விளக்கும் எரிகிறது. ஆனால் வியாழனை நடுவில் கொண்டுவந்து வைத்தால், மோட்டார் இல்லாமல் பார்த்ததைவிட வேகமாக ஓடிவிடுகிறது. பெட்டியில் 'என்', 'எஸ்' என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது, நாம் தென்னிந்தியா என்பதால் 'எஸ்' பக்கம் வைத்திருக்கிறேன். மோட்டார் போய்விட்டதா சார்?
ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. சுவிட்சை 'என்' பக்கம் தள்ளுங்கள். அந்த 'எஸ்' பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பவர்களுக்கு, ஆஸ்திரேலியாக்காரர்களுக்கு. சென்னை இருப்பது 13 டிகிரி வடக்கில். மற்றவர்கள் சிரிக்க வேண்டாம், இதே கணக்கைப் போட்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும், அதில் ஒருவன் நான்.

நீங்கள் 'வேகமாக ஓடுகிறது' என்று எழுதியதுதான் இதில் நல்ல துப்பு. வானம் மேற்கே போகிறது, உங்கள் மோட்டார் குழாயை அதே வேகத்தில் கிழக்கே தள்ளுகிறது, அதனால் வியாழன் இரண்டு மடங்கு வேகத்தில் விலகுகிறது. நிலா இருக்கும் நாளில் இதை அளந்தே பார்க்கலாம்: மோட்டாரை நிறுத்திவிட்டுப் பார்த்தால் நிலா தன் அகலம் அளவுக்கு நகர சுமார் இரண்டு நிமிடம் ஆகும். மோட்டாரைப் போட்டதும் அது ஒரு நிமிடமாகக் குறைந்தால் திசை தலைகீழ். அதே இரண்டு நிமிடம்தான் என்றால் மோட்டார் ஓடுகிறது, ஆனால் அச்சுக்குப் போய்ச் சேரவில்லை. மூன்று நான்கு நிமிடம் என்றால் திசை சரி, வேகம் போதவில்லை.

சுவிட்ச் இல்லாத மலிவு மோட்டார்களும் உண்டு. அவற்றை வார்ம் தண்டின் (அச்சிலுள்ள பெரிய பல்சக்கரத்தைத் திருப்பும் திருகுத் தண்டு) இந்த முனையில் மாட்டாமல் அந்த முனையில் மாட்டினாலே திசை மாறிவிடும். திசையை மாற்றுகிறேன் பேர்வழி என்று பேட்டரி வயரைத் தலைகீழாகக் கொடுத்துவிடாதீர்கள், உள்ளே சர்க்யூட் போர்டு இருந்தால் புகைந்துவிடும்.

'போய்ச் சேரவில்லை' வகைக்கு முதலில் குழாயை அச்சோடு பிடித்து வைக்கும் கிளட்சைப் பாருங்கள். கையால் குழாயைத் திருப்பத் தளர்த்திவிட்டு, இறுக்க மறந்திருப்போம். அடுத்தது மோட்டார் தண்டில் இருக்கும் சின்னப் பித்தளைப் பல்சக்கரத்தின் கிரப் ஸ்க்ரூ, அதாவது சக்கரத்தைத் தண்டோடு இறுக்கும் தலையில்லாத குட்டித் திருகு. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் கியர் பாக்ஸைப் பிரித்து, பிளாஸ்டிக் சக்கரங்களைத் தினத்தந்தி பேப்பரில் வரிசையாகப் பரப்பி, திரும்பக் கோக்கத் தெரியாமல் முழித்திருக்கிறேன், கடைசியில் பார்த்தால் ஆலன் கீயால் அரைச் சுற்று இறுக்க வேண்டிய ஸ்க்ரூ.

இன்னொன்று, இதையெல்லாம் இருட்டில் மொட்டை மாடியில் கொசுக்கடியோடு செய்ய வேண்டியதில்லை. பகலில் ஹாலிலேயே வைத்து, வார்ம் தண்டில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்து ஓடவிடுங்கள். நட்சத்திரக் கணக்கில் பூமி ஒரு சுற்று சுற்ற 23 மணி 56 நிமிடம் 4 விநாடி, அதாவது 86,164 விநாடி. அதை உங்கள் மவுண்ட்டின் பெரிய சக்கரத்துப் பற்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வார்ம் ஒரு சுற்றுக்கு எடுக்க வேண்டிய நேரம் வந்துவிடும். 144 பல் என்றால் 598 விநாடி, கிட்டத்தட்ட பத்து நிமிடம். 100 பல் என்றால் 14 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. புள்ளி அந்த நேரத்தில் திரும்பி வந்தால் மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள்.

கேள்வி: முதல் அரை மணி நேரம் நன்றாகப் பின்தொடர்கிறது, அப்புறம் சோர்ந்துவிடுகிறது. சில நாள் நின்றே விடுகிறது.
ஒரு வாசகி, திருவான்மியூர்

பதில்: எந்த பேட்டரி என்று நீங்கள் எழுதவில்லை. நான்கு சாதாரண செல் போட்டால் 6 வோல்ட், அதே இடத்தில் நான்கு ரீசார்ஜபிள் செல் போட்டால் 4.8 வோல்ட்தான். வேகத்தைக் கையால் குமிழ் திருகி வைக்கும் எளிய டி.சி. மோட்டார்களில் வோல்டேஜ் இறங்க இறங்க வேகமும் இறங்கும். மல்டிமீட்டரை மோட்டார் ஓடும்போது வைத்துப் பாருங்கள், சும்மா இருக்கும்போது எல்லா செல்லும் நல்ல பிள்ளையாகத்தான் காட்டும். உங்கள் ஊர் கடல் காற்றுக்கு பேட்டரி ஸ்பிரிங்கில் பச்சை பூத்திருக்கவும் வாய்ப்பு அதிகம், உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். ஸ்பிரிங் அரித்தே போயிருந்தால் ரிச்சி தெருவில் புது பேட்டரி பெட்டி கிடைக்கும், பெரிய செலவில்லை.

எப்போதும் ஒரே கோணத்தில் நின்றால் அது பேட்டரி இல்லை, முட்டல். நம் ஊரில் துருவ அச்சு, அதாவது மவுண்ட்டில் வடக்கு நோக்கிச் சாய்ந்திருக்கும் அச்சு, கிட்டத்தட்ட படுத்தே கிடக்கிறது, வெறும் 13 டிகிரி. ஐரோப்பாக்காரர்கள் 50 டிகிரியில் வைக்கிற மவுண்ட் இது, இங்கே கவுண்டர்வெயிட் (குழாய்க்கு எதிர்ப்பக்கம் கம்பியில் மாட்டும் எடை) ஸ்டாண்டின் வடக்குக் காலில் இடிக்கிறது, சில மாடல்களில் மோட்டார் பெட்டியே உயரம் திருத்தும் போல்ட்டில் போய் மாட்டுகிறது. எடையைக் கம்பியில் கொஞ்சம் மேலே ஏற்றி, குழாயின் சமநிலையை மறுபடி பாருங்கள். சமநிலையிலும் கிழக்குப் பக்கம் ஒரு பொட்டு கூடுதல் கனம் இருக்கட்டும், பற்கள் ஒன்றையொன்று விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கும், நடுநடுவே துள்ளாது.

கேள்வி: மோட்டார் சரியாக ஓடியும் நட்சத்திரம் மெல்ல வடக்கே நழுவுகிறது. எங்கள் மாடியிலிருந்து துருவ நட்சத்திரம் தெரியாது, எதிரே அபார்ட்மென்ட்.
ஒரு வாசகர், முகப்பேர்

பதில்: வடக்கு தெற்காக நழுவினால் மோட்டார் நிரபராதி, உங்கள் அச்சு வடக்கைப் பார்க்கவில்லை. திசைகாட்டியை மட்டும் நம்பாதீர்கள், மாடி கான்கிரீட்டில் இருக்கும் கம்பியே அதை இழுக்கும். ஒரு நூலில் குண்டு கட்டித் தொங்கவிட்டு, சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில் நூலின் நிழலைச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள், அதுதான் வடக்கு தெற்கு. சென்னையில் அந்த உச்சி நேரம் சரியாக 12 மணி இல்லை, நவம்பர் தொடக்கத்தில் 11.53, பிப்ரவரி நடுவில் 12.23 என்று அலையும், அந்தந்த நாளுக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்துவிடுவதால் நிழலே விழாது, அந்த வாரங்களை விட்டுவிடுங்கள். கோட்டுக்கு நேராக மவுண்ட்டை வைத்து, உயர அளவை 13இல் நிறுத்துங்கள், கண்ணால் பார்க்க அது போதும்.

கேள்வி: செல்போனில் நிலாவைப் படம் எடுக்க மோட்டார் வாங்கலாமா?
ஒரு மாணவி, தாம்பரம்

பதில்: வேண்டாம்மா. நிலா நல்ல வெளிச்சம், நூறில் ஒரு பங்கு விநாடியில் படம் விழுந்துவிடும், அதற்குள் அது எங்கேயும் ஓடாது. அந்தக் காசுக்கு போனை ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) மாட்டும் ஹோல்டர் வாங்கிக்கொள்.