டிராக்டர் எஞ்சின் சூடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

புழுதி உழவுக் காலம் என்பதால் வந்த கேள்விகள் எல்லாமே எஞ்சின் சூட்டைப் பற்றியவை. எழுதுகிறவர்கள் வண்டி எத்தனை ஹெச்.பி., என்ன வேலையில் சூடேறுகிறது, எவ்வளவு நேரத்தில், கடைசியாக ரேடியேட்டர் தண்ணீர் மாற்றியது எப்போது என்ற நான்கையும் தவறாமல் எழுதுங்கள்.

45 ஹெச்.பி. வண்டி. ரோட்டவேட்டர் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டினால் முள் சிவப்புக்குப் போகிறது. டிரெய்லர் இழுக்கும்போது ஒன்றும் இல்லை. (அணைக்கட்டு)

தூசுதான். ரோட்டவேட்டர் முழு லோடு. வண்டியோ ஆள் நடக்கிற வேகத்தில் போகிறது. ஃபேன் இழுக்கிற காற்றை விட்டால் வேறு காற்று கிடையாது. அந்தக் காற்றோடு மண்ணும் கடலைக்கொடித் தூளும் வந்து ரேடியேட்டர் கண்களை அடைத்துவிடும். முன் ஜாலியைத் துடைத்தால் போதாது. ஃபேன் பக்கமிருந்து வெளிப்புறமாகக் காற்று அடியுங்கள். முன்னாலிருந்து அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளே போய் இறுகும். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் தண்ணீரை நெருக்கத்தில் வைத்தால் தகடுகள் மடங்கிவிடும். ஆயில் கசிவு இருந்தால் தூசு களிம்பாக ஒட்டியிருக்கும். முதலில் சோப்புத் தண்ணீரில் ஊற வைத்துக் கழுவி, கசிவையும் அடையுங்கள். புழுதி உழவில் தினமும் மதியம் ஒருமுறை ஊதிவிட வேண்டும். ஃபேன் பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 12 மி.மீ. இறங்கலாம், அதற்கு மேல் கூடாது. ஃபேனைச் சுற்றியுள்ள கூட்டைக் கழற்றி வைத்திருந்தால் உடனே மாட்டுங்கள்.

போர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு ரேடியேட்டரில் ஊற்றலாமா? (ஆம்பூர்)

கூடாது. கொதிக்க வைத்தால் சுண்ணாம்பில் ஒரு பகுதி படியும். உப்பு அப்படியே இருக்கும், நீர் வற்றிய அளவுக்கு இன்னும் கெட்டியாகும். தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரை என்ன செய்தது என்பது உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் தீர்ப்பான விஷயம். அந்த நீரை எஞ்சினுக்குள் ஊற்றினால் லைனரை (பிஸ்டன் ஏறி இறங்கும் குழாய்) சுற்றி உப்புப் பொருக்கு கட்டும். ஒரு மில்லிமீட்டர் பொருக்கே போதும், லைனரின் சூடு தண்ணீருக்குச் சரியாக இறங்காது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் வாங்குங்கள். அவசரத்துக்குக் கேன் தண்ணீரோ ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரோ பரவாயில்லை, கூலன்ட் கலந்துதான்.

ஏற்கெனவே பொருக்கு கட்டியிருந்தால்: தண்ணீரை வடித்துவிட்டு, லிட்டருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்து நிரப்புங்கள், பத்து லிட்டர் பிடிக்கும் வண்டிக்கு அரை கிலோ. அரை மணி நேரம் லோடு இல்லாமல் ஓட்டி, ஆறியபின் வடித்து, நீர் தெளிவாக வரும்வரை மூன்று நான்கு முறை அலசுங்கள். கழிவறை ஆசிட், காஸ்டிக் சோடா இரண்டும் வேண்டாம், அலுமினியத்தை அரித்துவிடும்.

பச்சை கூலன்ட் நல்லதா, சிவப்பா? (ஆற்காடு)

நிறம் வெறும் சாயம். வண்டிப் புத்தகத்தில் சொன்ன வகையை வாங்குங்கள், இரண்டு வகையைக் கலக்காதீர்கள். டப்பா அடர் கூலன்ட்டா, கலந்து வந்ததா என்று படித்துப் பாருங்கள். அடர் என்றால் பாதிக்குப் பாதி டிஸ்டில்ட் வாட்டர். நம் ஊரில் தண்ணீர் உறையாதே, கூலன்ட் எதற்கு என்று கேட்கிறார்கள். துருவுக்கும், லைனரின் வெளிப்புறம் ஊசி குத்தியதுபோல் ஓட்டை விழாமலிருக்கவும்தான். அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் ஆயில் சம்ப்பில் (எஞ்சின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) இறங்கினால் செலவு பெரிது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

சூடேறுகிறது என்று காட்டியதற்கு மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டார். "நம்ம வேலூர் வெயிலுக்கு இது தேவையில்லை" என்கிறார். சரியா? (குடியாத்தம்)

தவறு. எத்தனை முறை எழுதினாலும் இந்தப் பழக்கம் போகவில்லை. எத்தனையோ நல்ல எஞ்சின்கள் இதனால் பாதி ஆயுளில் போரிங்குக்கு (சிலிண்டரைக் குடைந்து சரிசெய்யும் வேலை) போகின்றன.

வெளியே 40 டிகிரி வெயில் அடித்தாலும் எஞ்சினுக்கு அது குளிர்தான். அதற்கு வேண்டியது 80, 90 டிகிரி. அந்தச் சூட்டுக்குச் சீக்கிரம் ஏறி அதிலேயே நிற்கத்தான் தெர்மோஸ்டாட், அதாவது ரேடியேட்டருக்குப் போகும் வழியைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வு. எடுத்துவிட்டால் லேசான வேலையில் எஞ்சின் சூடு ஏறாது. முழுதாக எரியாத டீசல் லைனர் சுவரில் படிந்து ஆயில் படலத்தைக் கழுவிவிடும், சம்ப்பில் இறங்கி ஆயிலை நீர்க்க வைக்கும். பிஸ்டன் ரிங் தேயும், டீசல் கூடுதலாகக் குடிக்கும்.

சூட்டுக்காவது தீர்வா என்றால் அதுவும் இல்லை. பல எஞ்சின்களில் இந்த வால்வு ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடுகிறது. வால்வே இல்லையென்றால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள் சுற்றும். முழு லோடில் வண்டி முன்னைவிட அதிகமாகச் சூடேறும். அப்போது ரேடியேட்டரை மாற்றச் சொல்வார்கள்.

சந்தேகமா, சோதித்துப் பாருங்கள். வால்வில் 82 என்பதுபோல் ஓர் எண் அச்சடித்திருக்கும். பாத்திரத்துத் தண்ணீரில், அடியில் முட்டாமல் கயிற்றில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டர் வைத்துச் சூடாக்குங்கள். அந்த எண்ணுக்கு ஒன்றிரண்டு டிகிரி முன்பின் திறக்க ஆரம்பித்து, 95 வாக்கில் 8 மி.மீ. அளவுக்குத் திறக்க வேண்டும். திறக்கவில்லையா, புதிது போடுங்கள். சில நூறு ரூபாய்ப் பொருள். ஸ்பிரிங் பக்கம் எஞ்சினை நோக்கியும், சிறிய காற்றுத் துளை மேலேயும் இருக்கட்டும், காஸ்கெட்டும் புதிது. கழற்றினால் கழற்றிய இடத்தில் நல்லதை மாட்ட வேண்டும். வெற்று இடமாக விடக்கூடாது.

வண்டி சூடாகுது. என்ன பண்ணலாம்? (கே.வி.குப்பம்)

மேலே கேட்ட நான்கு விவரங்களோடு மறுபடி எழுதுங்கள். அதுவரை: லோடை எடுத்து, ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டுப் பிறகு நிறுத்துங்கள். தண்ணீரே போய்விட்டிருந்தால் மட்டும் உடனே நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். மேல் ஹோஸை வெறுங்கையால் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறியபின், சாக்கைப் போட்டு, முதல் தடைவரை மட்டும் திருப்பி ஆவி போகவிட்டுத் திறக்க வேண்டும். கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடிக்கும்.

முள் பச்சையிலேயே நின்றது, ஆனால் எஞ்சின் ஜாம் ஆகிவிட்டது. மீட்டர் பழுதா? (சோளிங்கர்)

மீட்டரைத் திட்டாதீர்கள். சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். ஹோஸ் வெடித்துத் தண்ணீர் போய்விட்டால் அது காற்றில் தொங்கும், முள் இறங்கக்கூடச் செய்யும். காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் மூடியைத் திறந்து கண்ணால் பார்ப்பதற்கு மாற்று இல்லை.

அம்முண்டி ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும்போது மேட்டில் மட்டும் சூடேறுகிறது. (திருவலம் அருகே)

பெரிய கியரில் முக்கிக்கொண்டு ஏற்றுகிறீர்கள். ஆர்.பி.எம். விழுந்தால் ஃபேனும் வாட்டர் பம்ப்பும் சேர்ந்தே மெதுவாகும். மேட்டுக்கு முன்பே கியரைக் குறைத்து 1,800 பக்கம் வைத்து ஏறுங்கள். லோடையும் குறையுங்கள்.

கிணற்று டீசல் எஞ்சின், 5 ஹெச்.பி. டெலிவரி பைப்பிலிருந்தே கூலிங் தண்ணீர் போகிறது. வெளியே வரும் நீர் சில்லென்று இருந்தால் நல்லதுதானே? (ஆரணி)

இல்லை. தெர்மோஸ்டாட் பதில் இதற்கும் பொருந்தும். வெளியேறும் நீர் கை பொறுக்காத சூட்டில், 60 டிகிரி வாக்கில் இருக்க வேண்டும். உள்ளே போகும் வால்வை அதற்கேற்பக் குறைத்து வையுங்கள். நீர் வருவது நின்றால் எஞ்சினையும் நிறுத்துங்கள்.

வாட்டர் பம்ப்பின் அடியில் சிறு துளையிலிருந்து சொட்டுகிறது. எம்-சீல் வைத்து அடைத்தேன், நின்றுவிட்டது. (பள்ளிகொண்டா)

பிடுங்கி எடுங்கள். சீல் போய்விட்டது என்று தெரிவிக்கத்தான் அந்தத் துளை. அடைத்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகும். பேரிங் உடைந்தால் ஃபேன் முன்னால் பாய்ந்து ரேடியேட்டரைக் கிழிக்கும். இந்த வாரமே பம்ப் கிட் மாற்றுங்கள்.