ஒரு மவுஸ், இரண்டு கோளாறுகள்

கேள்வி: என் மேசைக் கணினியைச் சென்ற மாதம் விண்டோஸ் 10-லிருந்து விண்டோஸ் 11-க்கு மாற்றினேன். அதற்கு முதல் நாள் எல்லாக் கோப்புகளையும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்துக்கொண்டேன். அந்த டிஸ்க் இன்றும் கணினியின் முன்பக்கத்தில் இணைந்தே இருக்கிறது. மாற்றிய நாள் முதல் என் வயர்லெஸ் மவுஸ் தொல்லை தருகிறது. சிறிது நேரம் கை வைக்காமல் விட்டால் முற்றிலும் நின்றுவிடுகிறது. கணினியின் யுஎஸ்பி போர்ட்டில் செருகியிருக்கும் அதன் ரிசீவரைக் கழற்றி மாட்டினால் உயிர் வருகிறது. வேறு சில வேளைகளில் நிற்காமல், விட்டுவிட்டுத் தாவுகிறது. பேட்டரியை இரண்டு முறை மாற்றிவிட்டேன். மவுஸை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் புதிதாகத் தேட வேண்டுமா, பழைய விண்டோஸுக்கே திரும்பிவிடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். நீங்கள் நுணுக்கமாகக் கவனித்து எழுதியிருப்பதால் விடையின் பெரும்பகுதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஒரே நேரத்தில் தொடங்கியதால் ஒரே கோளாறு என்று நினைத்திருக்கிறீர்கள்; எனக்கு இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகளாகவே தெரிகின்றன.

முதலில் நின்றுபோவதைப் பார்ப்போம். மவுஸோ பேட்டரியோ பழுதாகியிருந்தால், ரிசீவரைக் கழற்றி மாட்டுவதால் மட்டும் அது சரியாகிவிடாது. கழற்றி மாட்டும்போது நடப்பது என்னவென்றால், கணினி அந்த யுஎஸ்பி சாதனத்தைப் புதிதாக அடையாளம் கண்டு மீண்டும் இயக்கத் தொடங்குகிறது. ஆகவே, சும்மா இருக்கும் சாதனத்தை உறங்கவைத்து மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஏற்பாட்டின்படி விண்டோஸ் ரிசீவரை உறங்கவைக்கிறது, பிறகு அது சரியாக விழித்தெழுவதில்லை என்பதுதான் மிகவும் பொருந்தும் விளக்கம். இயங்குதளம் மாறும்போது சாதனங்கள் மறுபடி கண்டறியப்பட்டு, அவற்றின் அமைப்புகள் பல சமயம் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடுவதால், இதுவரை இல்லாத இந்தத் தொல்லை இப்போது தலைகாட்டுவதில் வியப்பில்லை.

மவுஸ் நின்றிருக்கும் வேளையிலும் விசைப்பலகையைக் கொண்டே இதைச் சரிசெய்யலாம். விண்டோஸ் விசையையும் எக்ஸ் விசையையும் சேர்த்து அழுத்தி, பிறகு எம் விசையை அழுத்தினால் டிவைஸ் மேனேஜர் திறக்கும். டேப் விசையால் பட்டியலுக்குள் நுழைந்து, கீழ்நோக்கிய அம்புக்குறியால் யுஎஸ்பி கன்ட்ரோலர்கள் இருக்கும் பகுதிக்குப் போய், வலது அம்புக்குறியால் அதை விரியுங்கள். யுஎஸ்பி ரூட் ஹப் என்ற பெயரில் உள்ள ஒவ்வொன்றின் மீதும் என்டர் தட்டி, கன்ட்ரோல் விசையுடன் டேப் விசையை அழுத்தி பவர் மேனேஜ்மென்ட் பக்கத்துக்கு நகர்ந்து, மின்சாரத்தைச் சேமிப்பதற்காக இந்தச் சாதனத்தைக் கணினி நிறுத்திவைக்கலாம் என்ற பொருளில் உள்ள வரியின் டிக் குறியை ஸ்பேஸ் விசையால் எடுத்துவிடுங்கள். ஹப் ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒன்றையும் விடாதீர்கள். ரிசீவர் எதில் மாட்டியிருக்கிறது என்று பெயரை வைத்துக் கண்டுபிடிப்பது எளிதன்று. சில கணினிகளில் அந்தப் பக்கமே இருக்காது. அப்போது கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில், மேம்பட்ட அமைப்புகளுக்குள் இருக்கும் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்பதை நிறுத்திவையுங்கள். முடித்ததும் கணினியை அணைத்துப் போடாமல் ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கும் கணினிகளில் ஷட் டவுன் கொடுத்தாலும் இயங்குதளத்தின் உட்பகுதி டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, மறுமுறை அப்படியே மீட்கப்படுகிறது. ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குகிறது.

இனி, தாவுவது. இதற்கு விண்டோஸ் 11 காரணமாக இருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை. அதற்கு முதல் நாள் நீங்கள் மாட்டிய ஹார்ட் டிஸ்க்கே காரணமாக இருக்க வேண்டும். ரிசீவருடன் வரும் வயர்லெஸ் மவுஸ்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. உங்கள் டிஸ்க் பயன்படுத்தக்கூடிய, நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் இயங்கும் யுஎஸ்பி 3.0 இணைப்பு, தரவு ஓடும்போது அதே அலைவரிசையில் இரைச்சலை வெளியிடுகிறது. இன்டெல் நிறுவனமே இதைப் பற்றி 2012-இல் ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டிருக்கிறது. இரைச்சல் டிஸ்க்கிலிருந்து மட்டுமல்லாமல், போர்ட்டிலிருந்தும் கேபிளிலிருந்தும் கசிகிறது. பக்கத்துப் போர்ட்டில் இருக்கும் ரிசீவருக்கு, மவுஸ் அனுப்பும் மெல்லிய சமிக்ஞை அந்த இரைச்சலில் சரியாகக் கேட்பதில்லை.

சோதித்துப் பார்ப்பது எளிது. பெரிய கோப்பு ஒன்றை டிஸ்க்குக்கு நகலெடுத்துக்கொண்டே மவுஸை நகர்த்திப் பாருங்கள். பிறகு டிஸ்க்கை முறைப்படி நீக்கிவிட்டு மறுபடி பாருங்கள். வேறுபாடு தெரிந்தால், ரிசீவரைக் குட்டையான யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிள் ஒன்றில் மாட்டி, மவுஸுக்கு அருகில் மேசை மீது வைத்துவிடுங்கள். யுஎஸ்பி 2.0 கேபிளே போதும், ஏனென்றால் மவுஸ் அனுப்பும் தரவு மிகவும் குறைவு. டிஸ்க்கை எப்போதும் மாட்டியே வைத்திருக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். நகல் எடுத்த டிஸ்க் கணினியோடு இணைந்தே இருந்தால், கணினிக்கு வரும் வைரஸ் அதையும் விட்டுவைக்காது.

டிரைவர் பற்றி: இத்தகைய ரிசீவர் தன்னைப் பொதுவான மவுஸ் என்றே கணினியிடம் அறிமுகப்படுத்திக்கொள்கிறது, அதற்கான டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது. தயாரிப்பாளரின் மென்பொருள் கூடுதல் பொத்தான்களுக்கு மட்டுமே தேவைப்படும். டிரைவர் தருகிறோம் என்று அழைக்கும் அறிமுகமற்ற தளங்களிலிருந்து எதையும் இறக்கிவிட வேண்டாம். பழைய விண்டோஸுக்குத் திரும்பும் வசதி சாதாரணமாக 10 நாட்கள்தான் இருக்கும். உங்களுக்கு அது கடந்துவிட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது.

கேள்வி: என்னுடையது ரிசீவர் இல்லாத புளூடூத் மவுஸ். இயங்குதளத்தை மேம்படுத்திய பிறகு பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது, ஆனால் இணைய மறுக்கிறது. என்ன செய்வது?

பதில்: புளூடூத் சாதனங்கள் முதல் முறை இணையும்போது உருவாகும் ரகசியச் சாவியை இரு தரப்பும் சேமித்து வைத்துக்கொள்கின்றன. ஒரு தரப்பில் அது மாறிவிட்டால், பெயர் மட்டும் பட்டியலில் நிற்கும், இணைப்பு கிடைக்காது. பட்டியலிலிருந்து மவுஸை நீக்கிவிட்டு, அதன் அடிப்பக்கத்திலுள்ள இணைப்புப் பொத்தானை விளக்கு வேகமாக மின்னும் வரை அழுத்திப் பிடித்து, புதிய சாதனமாகச் சேருங்கள். அதற்கு முன், இரண்டு மூன்று கணினிகளுக்கு மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள மவுஸாக இருந்தால், எந்த எண்ணில் நிற்கிறது என்று ஒருமுறை பாருங்கள்; கை தவறி அந்தப் பொத்தான் அழுந்தியிருந்தாலும் இதே அறிகுறிதான் தெரியும். ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை வைத்திருப்பவர்களுக்கு ஒன்றில் இணைத்தால் மற்றொன்றில் அறுந்துபோவதற்கும் இந்தச் சாவியே காரணம்: ஒவ்வொரு இயங்குதளமும் தனக்கென ஒரு சாவியை உருவாக்குகிறது, மவுஸோ கடைசியாகப் பெற்றதை மட்டுமே நினைவில் வைக்கிறது.