பழைய கார் ஆயில் குடிக்கிறது, இன்ஜினைப் பிரிக்க வேண்டுமா?

டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: பழைய பெட்ரோல் கார், 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குறைகிறது, இன்ஜினைப் பிரிக்கணும் என்கிறார் மெக்கானிக். அவசரப்படாதீர்கள்.

முதலில் ராத்திரி வண்டிக்கு அடியில் அட்டை விரித்து வையுங்கள். காலையில் சொட்டு இருந்தால் அது கசிவு. அப்புறம் பி.சி.வி. வால்வைப் பாருங்கள்; இன்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்கு, அதாவது காற்று உள்ளே போகும் வழிக்கு, திருப்பிவிடும் சின்ன வால்வு அது. அது அடைத்தாலும் பழுதானாலும் ஆயில் இன்டேக் பக்கம் ஏறிவிடும். விலை குறைந்த சாமான், பலர் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது புகை. பைன்டவுன் பக்கம் ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் தாழ்ந்த கியரில், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்குங்கள். அப்போது இன்டேக்கில் வெற்றிடம் கூடி, தேய்ந்த வால்வு சீல் (வால்வுத் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர்) வழியாக ஆயிலை உறிஞ்சும். கீழே வந்து மிதித்ததும் நீலப் புகை குபுக்கென்று வந்தால் பெரும்பாலும் சீல்தான். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வந்தாலும் அதே சந்தேகம். மேடேறும்போது விடாமல் புகைந்தால் பெரும்பாலும் பிஸ்டனைச் சுற்றி இருக்கும் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும்.

உறுதி செய்ய கம்ப்ரஷன் டெஸ்ட் கேளுங்கள்; ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று அளப்பது அது. அளவு குறைந்த சிலிண்டரில் பிளக் துளை வழியாக ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். நன்றாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வையோ, இன்ஜினின் மேல் பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டையோ பார்க்கணும். இந்த எண்களைப் பார்க்காமல் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள்.

சீல் என்றால் பல இன்ஜின்களில் ஹெட்டைக் கழற்றாமலே, சிலிண்டரில் காற்றழுத்தம் கொடுத்து வால்வைத் தாங்கி மாற்றலாம். ரிங் என்றால்தான் பெரிய செலவு. அதுவரை வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக் பாருங்கள். ஆயில் குறைந்து ஓடினால் பேரிங் போய்விடும்.