பலகையில் 'யீ', வாயில் 'தி'

கேள்வி: லண்டன் ஃப்ளீட் தெருவில் 'யீ ஓல்ட் செஷயர் சீஸ்' என்று ஒரு மதுக்கடை இருக்கிறதாமே? அந்த 'யீ'யும் ஆங்கில பைபிளில் வரும் 'யீ'யும் ஒன்றுதானே? எங்கள் காபிக் கடைக்கும் 'யீ ஓல்ட்' என்று தொடங்கிப் பெயர் வைக்க ஆசை.

பதில்: பைபிள் 'யீ'க்கு 'நீங்கள்' என்று பொருள். அதை அங்கே பொருத்தினால் 'நீங்கள் பழைய செஷயர் சீஸ்' என்றாகும். குடிக்க வந்தவரை வரவேற்கிற லட்சணமா இது?

பலகையில் இருப்பது 'தி'. பழைய ஆங்கிலத்தில் 'டி', 'ஹெச்' இரண்டும் சேர்ந்து தரும் ஒலிக்கு 'தார்ன்' என்ற ஒற்றை எழுத்து இருந்தது. வட ஐரோப்பாவின் பழங்கால ரூன் எழுத்திலிருந்து வந்தது. ஐஸ்லாந்துக்காரர்கள் இன்றும் எழுதுகிறார்கள். நிமிர்ந்த கோடு, நடுவில் வயிறு. கையெழுத்தில் அந்த வயிற்றின் மேல்பக்கம் திறந்துகொண்டே போய், கடைசியில் 'ஒய்' மாதிரியே ஆகிவிட்டது. 1476இல் இங்கிலாந்தின் முதல் அச்சாளர் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கினார். ஐரோப்பாவிலிருந்து வந்த அச்செழுத்துகளில் தார்ன் கிடையாது. வரியில் இடம் பற்றாதபோது அச்சுக்கோப்பவர்கள் 'ஒய்' வைத்து, அதன் தலையில் பொடி 'இ' ஒன்றை ஏற்றினார்கள். 1611 பைபிளிலேயே இதைப் பார்க்கலாம். வாசிப்பது 'தி' என்றுதான். நம் பெரியவர்கள் ௵ என்று எழுதி 'வருஷம்' என்று வாசித்தது போல. தலையில் இருந்த 'இ'யைப் பின்னால் வந்தவர்கள் வரிக்கு இறக்கியதும் தொடங்கியது குழப்பம். ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியர் கல்லறைக் கல்லிலும் இதே 'ஒய்' உண்டு. அங்கே 'ஒய்-டி' என்று வெட்டியிருப்பதை 'தட்' என்று படிக்க வேண்டும்.

பைபிள் 'யீ' வேறு பிறவி. பன்மை முன்னிலை, அதுவும் எழுவாயாக மட்டும், செயப்படுபொருளானால் 'யூ'. யோவான் 8:32இல் சத்தியத்தை அறிகிறவர்கள் 'யீ', அது விடுதலையாக்குவது 'யூ'வை. ஷேக்ஸ்பியர் காலப் பேச்சில் இந்த வரம்பு ஏற்கெனவே தளர்ந்துவிட்டது. பைபிள் மொழிபெயர்ப்பாளர்கள்தான் பிடிவாதமாகக் காத்தார்கள்.

பழைய அச்சில் எது எதுவென்று அறிய அடுத்த சொல்லைப் பாருங்கள். 'ஷல்', 'ஹேவ்' போன்ற வினை வந்தால் 'நீங்கள்'. பெயரோ அடைமொழியோ வந்தால் பெரும்பாலும் 'தி'. 'யீ காட்ஸ்' போன்ற விளி மட்டும் விலக்கு: தேவர்களே!

'ஓல்ட்' கடைசியில் ஒட்டியிருக்கும் 'இ' பழமை வேஷம்தான். ஆனால் பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் காலத்தில் 'தி'க்குப் பின் வரும் அடைமொழிக்கு அந்த 'இ' உண்மையிலேயே உண்டு, உச்சரிப்போடு. பலகை எழுதியவர் இலக்கணம் பார்த்திருக்க மாட்டார், குருட்டு யோகம்!

பெயரைத் தாராளமாக வையுங்கள். தொலைபேசியை எடுக்கிறவர் மட்டும் 'தி ஓல்ட்' என்று சொல்லட்டும்.