எல்லா எண்களையும் எழுதியும் பேண்ட் 5.5 ஏன்?

கேள்வி: ஆங்கிலத் திறனை அளக்கும் ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக் தேர்வை இரண்டு முறை எழுதிவிட்டேன். ரைட்டிங் பகுதியில் இரண்டு முறையும் பேண்ட் (மதிப்பெண்) 5.5 தான். முதல் டாஸ்க்கில் கிராஃபில் உள்ள ஒரு எண்ணைக்கூட விடாமல் எழுதுகிறேன். 220 வார்த்தைகள் வந்துவிடுகின்றன, அரை மணி நேரமும் போய்விடுகிறது. அப்புறம் இரண்டாவது டாஸ்க்கை அவசர அவசரமாக முடிக்க வேண்டியிருக்கிறது. எனக்கு இலக்கணப் பிழைகூட அதிகம் வராது. எங்கே தவறுகிறேன்?

பதில்: ‘ஒரு எண்ணைக்கூட விடாமல்’ என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. வினாத்தாளில் கிராஃபுக்கு மேலே இருக்கும் கட்டளையை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். முக்கிய அம்சங்களைத் தேர்ந்தெடுத்துச் சுருக்கமாகச் சொல்லுங்கள், பொருத்தமான இடத்தில் ஒப்பிடுங்கள் என்றுதான் அது கேட்கிறது. எல்லாவற்றையும் எழுதுபவர் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை என்றுதானே ஆகிறது? விவரங்களை இயந்திரம்போல அடுக்கிவிட்டு மொத்தப் படத்தைச் சொல்லாமல் விடுவதுதான், இந்த டாஸ்க்கில் பேண்ட் 5-க்கான அடையாளமாக மதிப்பீட்டு அளவுகோல் குறிப்பிடும் குறை. இந்த மொத்தப் படத்துக்குப் பெயர் ஓவர்வியூ. பேண்ட் 6-க்கு அது இருக்க வேண்டும், 7-க்குத் தெளிவாக இருக்க வேண்டும்.

ஒரு பயிற்சி கிராஃபை வைத்தே பார்ப்போம். ஒரு நகரத்தில் வேலைக்குப் போகிறவர்கள் எதில் போகிறார்கள் என்று 1990 முதல் 2020 வரை காட்டும் லைன் கிராஃப் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேருந்து 52, 44, 35, 28 சதவீதம் என்று பத்தாண்டுக்கு ஒரு முறை இறங்குகிறது. கார் 23, 30, 39, 47 என்று ஏறுகிறது. சைக்கிள் 15, 14, 16, 15. மொத்தம் 12 எண்கள். இப்போது நீங்கள் எழுதும் முறையில் 12 எண்ணுக்கும் 12 இடம் கொடுப்பீர்கள். 1990-ல் இவ்வளவு, 2000-ல் இவ்வளவு என்று அட்டவணையை வாசித்துக் காட்டியதுபோல் இருக்கும்.

அப்படிச் செய்யாமல், பேனாவை எடுப்பதற்கு முன்பு எண்களைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். கோடுகளை மட்டும் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் நண்பருக்குச் சொல்வதுபோல மனதுக்குள் தமிழிலேயே சொல்லுங்கள்: ‘பஸ்ஸில் போகிறவர்கள் குறைந்துகொண்டே வந்திருக்கிறார்கள், காரில் போகிறவர்கள் கூடிக்கொண்டே போய் கடைசியில் பஸ்ஸை முந்திவிட்டார்கள், சைக்கிள் அப்படியே இருக்கிறது.’ ஒரு எண்கூட இல்லாமல் படத்தின் கதை வந்துவிட்டது. இதுதான் உங்கள் ஓவர்வியூ. இதை இரண்டு ஆங்கில வாக்கியங்களாக்கி, அறிமுக வாக்கியத்துக்கு அடுத்த பாராவாக வைத்துவிடுங்கள். கடைசியில் எழுதினாலும் தவறில்லை. ஆனால் நேரம் போதாமல் விட்டுப்போகும் ஆபத்து அங்கேதான் அதிகம், அதனால் முன்னாலேயே எழுதச் சொல்கிறேன்.

எண்கள் அதற்கு அப்புறம் வரட்டும், அதுவும் கதைக்குத் தேவையானவை மட்டும். பேருந்தின் தொடக்கமும் முடிவும் (52, 28), காரின் தொடக்கமும் முடிவும் (23, 47), இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் 2008 வாக்கிலான இடம், இவ்வளவு போதும். கார் பயன்பாடு 30 ஆண்டுகளில் இரண்டு மடங்குக்குச் சற்று மேல் ஆனது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டால், நடுவில் இருக்கும் 30-ம் 39-ம் தேவைப்படாது. சைக்கிளுக்கு ஒரு வாக்கியம்: 15 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. 15-லிருந்து 14-க்கு வந்ததற்கு ‘பிளம்மெட்டட்’ என்று எழுதுகிறவர்களின் விடைகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். எங்கோ மனப்பாடம் செய்த நல்ல வார்த்தையைத் தவறான இடத்தில் செலவழித்துவிடுகிறார்கள். தலைகுப்புற விழுந்ததற்குத்தான் அந்தச் சொல். ஒரு புள்ளி இறக்கத்துக்கு ‘ஸ்லைட்லி’ போதும்.

இலக்கணப் பிழை அதிகம் வராது என்கிறீர்கள். இருந்தாலும் தமிழில் யோசிக்கும் நமக்கென்றே வரும் சில தவறுகள் உண்டு. உங்கள் பழைய விடைகளில் அவற்றைத் தேடிப் பாருங்கள். முதலாவது, ‘டு’, ‘பை’ குழப்பம். ‘47 ஆக உயர்ந்தது’ என்பதற்கு ‘ரோஸ் டு 47’. ‘24 கூடியது’ என்பதற்கு ‘ரோஸ் பை 24’. தமிழில் ‘ஆக’ வரும் இடமெல்லாம் ‘டு’ என்று நினைவில் வைத்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அதோடு சேர்ந்தது சதவீதம். 23 சதவீதம் 47 சதவீதமானால் கூடியது 24 சதவீதம் அல்ல, 24 சதவீதப் புள்ளி. ‘பர்சன்டேஜ் பாயின்ட்ஸ்’ என்றே எழுத வேண்டும். சதவீதத்தில் கணக்கிட்டால் அந்த உயர்வு 100-ஐத் தாண்டிவிடும். அர்த்தமே மாறிவிடுகிறது அல்லவா?

இன்னொன்று எழுவாய். ‘கார் கூடியது’ என்று நாம் பேச்சில் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் ‘தி கார் இன்கிரீஸ்ட்’ என்று எழுதினால் கார் பெருத்துவிட்டது என்று ஆகும். கூடியது காரில் போகிறவர்களின் விகிதம். ஆகவே ‘தி பிரப்போர்ஷன் ஆஃப்’ என்று தொடங்குங்கள். நமது கிராஃப் சதவீதத்தைக் காட்டுவதால் இங்கே ‘நம்பர்’ என்று எழுதுவதும் பிழைதான். விகிதம் குறைந்த ஆண்டில் ஆட்களின் எண்ணிக்கை கூடியிருக்கலாம், நமக்குத் தெரியாது.

சரி, காரணம் எழுதலாமா? கூடாது. மக்கள் வசதி பெற்றதால் கார் வாங்கினார்கள் என்று கிராஃபில் எங்கும் இல்லை. உங்கள் கருத்துக்கு இரண்டாவது டாஸ்க் இருக்கிறது. அதே காரணத்தால் முடிவுரை பாராவும் இங்கே வேண்டாம். வினாத்தாளின் வாக்கியத்தை அப்படியே நகலெடுத்து அறிமுகமாக்கவும் வேண்டாம், அந்த வார்த்தைகள் கணக்கில் வராது.

பார் சார்ட், பை சார்ட், அட்டவணை எல்லாவற்றுக்கும் இதே வழிதான். ஆண்டுகளே இல்லாத சார்ட்டில் ஏற்ற இறக்கம் பேசாமல், எது பெரியது, எது சிறியது, எவை ஏறக்குறைய சமம் என்று பாருங்கள். ஒரு பொருள் தயாராகும் விதத்தைக் காட்டும் படம் வந்தால் மொத்தம் எத்தனை கட்டம், எதில் தொடங்கி எதில் முடிகிறது என்பதே ஓவர்வியூ.

நேரத்தைப் பற்றியும் சொல்லியிருந்தீர்கள். ரைட்டிங் மொத்தம் 60 நிமிடம். முதல் டாஸ்க்குக்கு 20 நிமிடமும் குறைந்தது 150 வார்த்தையும், இரண்டாவதுக்கு 40 நிமிடமும் குறைந்தது 250 வார்த்தையும் என்பது தேர்விலேயே தரப்படும் அளவு. மதிப்பெண்ணில் இரண்டாவது டாஸ்க்கின் எடை முதலாவதைப்போல இரண்டு மடங்கு. நீங்கள் இங்கே கூடுதலாக எடுக்கும் 10 நிமிடமும் அங்கிருந்துதான் போகிறது. உங்கள் 5.5-க்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்றே நினைக்கிறேன். 160 முதல் 190 வார்த்தைக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் நான்கு நிமிடம் எழுதாமல் படத்தைப் பார்ப்பதற்கும் எண்களைப் பொறுக்குவதற்கும், கடைசி இரண்டு நிமிடம் எண், ஆண்டு, வினைச்சொல்லின் காலம் ஆகியவற்றைச் சரிபார்ப்பதற்கும்.

அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டும் முன்பு வீட்டில் இதைச் செய்து பாருங்கள். நீங்கள் ஏற்கெனவே எழுதிய பயிற்சி விடை ஒன்றை எடுத்து, அதில் உள்ள எண்களையெல்லாம் பென்சிலால் அடித்துவிடுங்கள். மிச்சம் இருப்பதை, அந்த கிராஃபைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து, கோடுகளைத் தாளில் வரையச் சொல்லுங்கள். எது ஏறியது, எது இறங்கியது, எது எதை முந்தியது என்ற அளவுக்காவது அவர் வரைந்துவிட்டால் அந்த விடையில் ஓவர்வியூ இருக்கிறது. வரைய முடியாமல் விழித்தால், அதே கிராஃபுக்கு அந்த ஒரு பாராவை மட்டும் திரும்ப எழுதி அவரிடமே கொடுங்கள்.