எக்செலும் சீனியரும்

ஆதார் எண்ணை அடித்தாலே எக்செல் கெடுத்துவிடுகிறது என்று உங்கள் சீனியர் தினம் நாலு தடவை கூப்பிடுகிறார், உங்கள் வேலை நின்றுபோகிறது என்கிறீர்கள். பாவம், இதில் அவர் தப்பு இல்லை. 11 இலக்கத்தைத் தாண்டினால் எக்செல் எண்ணைச் சுருக்கி ‘ஈ+11’ என்று காட்டும். வங்கிக் கணக்கு எண்ணின் முன்னால் உள்ள சுழியை விழுங்கிவிடும். 15 இலக்கத்துக்கு அப்புறம் வருவதையெல்லாம் சுழியாக்கிவிடும். அது போனது போனதுதான்.

எண்ணை அடிப்பதற்கு முன்பே அது வரும் நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ (எழுத்து) வகையாக மாற்றச் சொல்லுங்கள். ஆனால் மவுஸை நீங்கள் தொடாதீர்கள். அவசரத்தில் பிடுங்கிச் செய்து கொடுத்தே நான் இரண்டு வருடம் மாட்டிக்கொண்டேன். அவரே செய்யட்டும், அவரே நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். நாம் எழுதித் தரும் சீட்டு மறுநாளே காணாமல் போய்விடும், சார்.